தொடக்கப் பள்ளிச் சிறாருக்கு வரலாறு

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் புத்தலப்பட்டு. 1945-ஆம் ஆண்டில் அவ்வூரில் பிறந்து, தம் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்த ஒரு மூதாட்டியைக் கற்பனை செய்து கொள்வோம். பிறந்தபோது அவர் ஆங்கிலேய ஆட்சிக்குட்பட்ட சென்னை மாகாணத்தில் இருந்தார். இரண்டு வயதில் சுதந்திர நாட்டின் குழந்தையானார். எட்டு வயதில், 1953 அக்டோபர் 1 அன்று, அவருடைய ஊர் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. தலைநகர் சென்னையிலிருந்து கர்நூலுக்கு மாறியது. பதினோரு வயதில், 1956 நவம்பர் 1 அன்று, மாநிலம் ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. தலைநகரும் ஐதராபாத்துக்குச் சென்றது. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா தனி மாநிலமாகப் பிரிந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று அண்டையிலிருந்த திருப்பதி வேறொரு மாவட்டத்தின் தலைநகரமாயிற்று. வீட்டு வாசலை விட்டு அகலாமலேயே அந்த மூதாட்டி இத்தனை மாற்றங்களையும் கடந்து வந்திருக்கிறார்.

அவருடைய பேரனோ பேத்தியோ இன்று அதே ஊரின் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் படிக்கக்கூடும். அக்குழந்தைக்கு வரலாறு என்னும் சொல் எதை நினைவூட்டுகிறது? மனப்பாடம் செய்ய வேண்டிய மன்னர் பெயர்களையும் ஆண்டுகளையும் நினைவூட்டுமாயின் நமது கற்பித்தலில் குறை உள்ளது என்று கொள்ளலாம். தன் பாட்டியின் வாழ்க்கையே வரலாற்றின் ஒரு பகுதி என்று அக்குழந்தை உணருமாயின், அதன் கல்வி நல்ல அடித்தளத்தின் மீது எழுந்து வருகிறது எனலாம். இளஞ்சிறாருக்கு வரலாற்றை எவ்வாறு கற்பிப்பது, அதனால் விளையும் பயன் யாது என்பனவற்றைப் புத்தலப்பட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடத்திட்டத்தில் வரலாற்றின் இடம்

ஆறு முதல் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரலாறு தேவைதானா என்பது நெடுநாளைய விவாதம். காலத்தைப் பற்றிய கருத்து அவ்வயதில் முழுமை பெறுவதில்லை என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் ழான் பியாஜேயின் ஆய்வுகள் எடுத்துக்காட்டின. நூறாண்டுக்கும் ஆயிரம் ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏழு வயதுக் குழந்தைக்கு எளிதில் விளங்குவதில்லை. எனவே வரலாற்றை மேல் வகுப்புகளுக்கு ஒத்திப் போடுவதே நன்று என்று சிலர் கருதினர். அமெரிக்க உளவியலறிஞர் ஜெரோம் புரூனர் 1960-இல் வெளியிட்ட தமது நூலில் இதற்கு மாறான கருத்தை முன்வைத்தார். எந்தப் பாடத்தையும் அதன் உண்மைத் தன்மை கெடாமல், குழந்தையின் வளர்ச்சிக்கேற்ற வடிவில் எந்த வயதிலும் கற்பிக்க முடியும் என்பதே அவர் கூற்றின் சாரம். ஒரே கருத்தைத் தாழ்ந்த வகுப்பில் எளிமையாகத் தொடங்கி, மேல் வகுப்புகளில் மீண்டும் மீண்டும் விரிவாக்கிச் செல்ல வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

நமது நாட்டில் 1975-ஆம் ஆண்டின் பாடத்திட்ட வரைவு தொடக்க வகுப்புகளில் வரலாற்றைத் தனிப் பாடமாக வைக்காமல், சூழ்நிலையியல் என்னும் பாடத்தில் இணைத்தது. 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாடத்திட்ட வரைவும் மூன்று முதல் ஐந்து வகுப்புகள் வரை அவ்வழியையே பின்பற்றியது. 2023-ஆம் ஆண்டின் பள்ளிக் கல்விப் பாடத்திட்ட வரைவு இதனை 'நம்மைச் சுற்றியுள்ள உலகம்' என்னும் பொருளில் அமைத்துள்ளது. தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பிலிருந்தே சமூக அறிவியல் தனிப் பாடமாக உள்ளது. இங்கிலாந்தில் ஐந்து வயதிலேயே வரலாறு தொடங்குகிறது. ஆயினும் அங்கு முதலில் கற்பிக்கப்படுவது, உயிரோடிருப்போர் நினைவுக்குட்பட்ட காலத்தில் நிகழ்ந்த மாற்றங்களே ஆகும்.

பாடத்தின் பெயர் எதுவாயினும், குழந்தையின் அண்மைச் சூழலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சூழலிலிருந்து தொடங்குவது என்றால், ஊரில் உள்ள அஞ்சல் நிலையத்தையும் ஏரியையும் பட்டியலிடுவதுடன் நின்றுவிடுதல் அன்று. இவை முன்பு எவ்வாறு இருந்தன, ஏன் மாறின, அதனை நாம் எப்படி அறிகிறோம் என்னும் மூன்று வினாக்களும் சேரும்போதுதான் சூழ்நிலைப் பாடம் வரலாற்றுப் பாடமாகிறது. இம்மூன்றனுள் 'எப்படி அறிகிறோம்' என்பதே உயிரானது. எட்டு வயதுக் குழந்தையும் அவ்வினாவைக் கேட்கவும் அதற்கு விடை தேடவும் முடியும். அதைக் கேட்கப் பழக்காமல் மேல் வகுப்பில் எத்தனை செய்திகளைத் திணித்தாலும் அவை தேர்வு முடிந்ததும் மறந்து போகும்.

காலத்தைக் கண்ணால் காணுதல்

காலம் கண்ணுக்குப் புலப்படாதது. ஆகவே அதனைக் கண்ணுக்குப் புலப்படும் பொருளாக மாற்றித் தருவது ஆசிரியரின் முதற் கடமை. இதற்கு விலையுயர்ந்த கருவி ஏதும் தேவையில்லை. ஒரு நீண்ட கயிறும் சில காகிதத் துண்டுகளும் போதும். ஒரு சாண் நீளத்தை 25 ஆண்டுகளுக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு, அளவாகக் கொள்ளலாம். கயிற்றின் ஒரு முனை இன்றைய நாள். அதிலிருந்து அரைச் சாணுக்குள்ளேயே வகுப்பில் உள்ள எல்லாக் குழந்தைகளும் பிறந்துவிடுகின்றனர். ஒரு சாணுக்குச் சற்று அப்பால் பெற்றோர் பிறந்த காலம் வருகிறது. மூன்று சாணைத் தாண்டியதும் 1947-இல் நாடு சுதந்திரம் பெற்ற நாள். நான்கரைச் சாண் அளவில், 1911-இல், சித்தூர் மாவட்டம் தோன்றுகிறது.

கயிற்றை மேலும் பிரித்துக்கொண்டே செல்ல வேண்டும். பத்தாவது சாணுக்குள் 1782 டிசம்பரில் ஐதர் அலி சித்தூருக்கு அருகில் நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் இறந்த நிகழ்ச்சி. பதினைந்து சாணைத் தாண்டியதும் 1639. விசயநகர அரசின் கீழிருந்த தாமரல வேங்கடாத்திரி நாயக்கர் ஆங்கிலேயக் கும்பினிக்குக் கடற்கரையில் இடமளித்த ஆண்டு. சென்னை நகரின் தொடக்கம் அதுவே. இருபது சாணைத் தாண்டியதும் கிருஷ்ணதேவராயர் முதன்முறையாகத் திருமலைக்கு வந்த 1513. முப்பத்தேழு சாண் அளவில் முதற் குலோத்துங்க சோழனின் ஆட்சி. நாற்பத்திரண்டு சாண் அளவில், கி.பி. 966-இல், பல்லவ குலத்து அரசியாகிய சாமவை திருமலைக் கோயிலுக்கு வெள்ளித் திருமேனி வழங்கிய செய்தி. எண்பது சாணையும் கடந்தால் ஏர்ப்பேடுக்கு அருகில் உள்ள குடிமல்லத்தின் இலிங்கம். எண்பது சாண் என்பது ஏறத்தாழ அறுபது அடி. பள்ளி வளாகத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கயிறு நீண்டுவிடும்.

தங்கள் வயது அரைச் சாணுக்குள் அடங்கிவிட, குடிமல்லத்துச் சிற்பியை அடைய வளாகம் முழுவதையும் நடந்து கடக்க வேண்டியிருப்பதைக் குழந்தைகள் காலால் உணர்வார்கள். ஆண்டுகளின் எண்கள் மறந்தாலும் இந்த முன்-பின் வரிசை மனத்தில் நிற்கும். தொடக்க வகுப்புகளில் வரலாற்றுக்கு வேண்டிய காலவுணர்வு இவ்வளவே. துல்லியமான ஆண்டுகளை மேல் வகுப்புகள் பார்த்துக்கொள்ளும்.

ஊரே முதற் பாடநூல்

1928-ஆம் ஆண்டுக் கோடையில், முசூரியில் இருந்த பத்து வயது மகள் இந்திராவுக்கு ஜவாஹர்லால் நேரு அலகாபாத்திலிருந்து கடிதங்கள் எழுதினார். பின்னர் அவை நூலாகவும் வெளிவந்தன. மனிதன் எழுதத் தொடங்குவதற்கு முற்பட்ட செய்திகளை மலையும் பாறையும் ஆற்றுக் கூழாங்கல்லும் கூறுகின்றன என்பதை அவர் மகளுக்கு விளக்கினார். ஒரு கூழாங்கல் ஏன் உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது என்று கேட்பதே வரலாற்றின் தொடக்கம் என்பதை அக்கடிதங்களிலிருந்து எந்த ஆசிரியரும் கற்றுக்கொள்ளலாம்.

புத்தலப்பட்டுச் சுற்றுப்புறத்தில் இத்தகைய சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. முதலாவது, நீர். பழைய கிணறு ஒன்றின் அருகே குழந்தைகளை அழைத்துச் சென்று, அதன் கரையில் கயிறு தேய்த்த தடங்கள் உள்ளனவா என்று பார்க்கச் சொல்லலாம். மாடுகளைப் பூட்டித் தோற்பையால் நீர் இறைத்த முறையைத் தமிழில் கவலை என்றும் தெலுங்கில் கபில என்றும் ஊர் முதியோர் கூறுவர். அதன்பின் எண்ணெய் இயந்திரம் வந்தது. மின்சார மோட்டார் வந்தது. பின்னர் ஆழ்துளைக் கிணறு வந்தது. அடிக்கடி வறட்சிக்கு உள்ளாகும் இம்மாவட்டத்தில் திறந்த கிணறுகள் பல வற்றிப் போனது ஏன் என்ற வினா தானாகவே எழும். முதியோர் ஒருவர் இளமையில் எத்தனை அடியில் நீர் கண்டார், இன்று எத்தனை அடியில் கிடைக்கிறது என்று கேட்டு எழுதி வரும் குழந்தை, வரலாற்றையும் புவியியலையும் நாட்டின் வளர்ச்சிச் சிக்கலையும் ஒருங்கே கற்கிறது.

இரண்டாவது, தொழில். சித்தூர்ப் பகுதி வெல்லத்துக்கும் மாம்பழத்துக்கும் பெயர் பெற்றது. மாடு சுற்றிவந்த கரும்பாலையிலிருந்து மின்விசையால் ஓடும் ஆலை வரை நடந்த மாற்றத்தை வெல்லம் காய்ச்சும் இடத்திலேயே விளக்கலாம். பழைய ஆலையில் எத்தனை பேர் வேலை செய்தனர், இப்போது எத்தனை பேர், மற்றவர்கள் எங்குச் சென்றனர் என்னும் வினாக்கள் பொருளாதார வரலாற்றின் முதற்படிகளாகும்.

மூன்றாவது, ஆட்சி. முன்பு ஊரில் கர்ணமும் முன்சீப்பும் இருந்தனர். ஆந்திரப் பிரதேசத்தில் 1984-இல் அப்பதவிகள் நீக்கப்பட்டன. 1985-இல் தாலுகாக்களுக்கு மாறாக மண்டலங்கள் அமைந்தன. இம்மாற்றத்தால் ஊராருக்கு அரசு அலுவலகம் அருகில் வந்ததா, நில ஆவணம் பெறுவது எளிதாயிற்றா என்று பெரியோரைக் கேட்டு வரச் சொல்லலாம். பழைய பட்டா, வரி ரசீது, திருமண அழைப்பிதழ், புகைப்படம் ஆகிய யாவும் ஆவணங்களே. வீட்டுப் பெட்டியில் உள்ள ஒரு காகிதமும் சான்றாகக்கூடும் என்பதை அறிந்த குழந்தை, அதனைக் கிழித்தெறியத் தயங்கும்.

இப்பகுதியின் ஊர் வரலாறுகளைத் தொகுக்கும் பணி புதியதன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நில அளவைப் பணியில் ஈடுபட்டிருந்த காலின் மெக்கன்சி, காவலி வேங்கட போரய்யா முதலிய இந்தியத் துணைவர்களைக் கொண்டு தென்னாட்டு ஊர்களின் கைபீதுகளைத் திரட்டினார். அவ்வூர்களின் முதியோரும் கணக்கரும் கூறிய செய்திகளே அவற்றின் அடிப்படை. அத்தொகுப்பின் பெரும் பகுதி சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. இரு நூற்றாண்டுகளுக்கு முன் அறிஞர்கள் செய்த இப்பணியைச் சிறிய அளவில் இன்று ஒரு நான்காம் வகுப்பும் செய்ய முடியும்.

கதையும் சான்றும்

குழந்தைகள் கதை விரும்பிகள். கதையின்றி அவர்களுக்கு வரலாறு இல்லை. ஆனால் கதை வேறு, சான்று வேறு என்னும் தெளிவையும் அதே வயதில் ஊட்டலாம். புத்தலப்பட்டுக்கு அண்டை மண்டலமாகிய இராளாவில் உள்ள காணிப்பாக்கம் இதற்கு ஏற்ற இடம். கண் தெரியாத ஒருவர், காது கேளாத ஒருவர், வாய் பேசாத ஒருவர் ஆகிய மூன்று உடன்பிறந்தோர் கிணற்றைத் தோண்டியபோது விநாயகர் வெளிப்பட்டார் என்பது அவ்வூர்க் கோயிலின் தலவரலாறு. அக்கதையை ஒவ்வொரு குழந்தையும் வீட்டிலேயே கேட்டிருக்கும். அதே ஊரின் மணிகண்டேசுவரர் கோயிலை முதற் குலோத்துங்க சோழன் காலத்தோடு தொடர்புபடுத்திக் கூறுவர்.

இவ்விரண்டையும் ஆசிரியர் எவ்வாறு கையாள வேண்டும்? தலவரலாற்றைப் பொய்யென்று இகழ்வதும் தவறு. அதனையே வரலாறு என்று எழுதச் சொல்வதும் தவறு. "இக்கதையை உனக்கு யார் சொன்னார்கள்? அவர்களுக்கு யார் சொன்னார்கள்?" என்று கேட்டால், வாய்மொழி மரபு எவ்வாறு தலைமுறை தலைமுறையாக வருகிறது என்று குழந்தை அறியும். "அரசன் காலத்தை யார் சொன்னார்கள்?" என்று கேட்டால், கல்லில் எழுத்துப் பொறிக்கும் வழக்கத்தை விளக்கலாம். கதை மக்களின் நம்பிக்கையையும் விழைவையும் காட்டுகிறது. கல்வெட்டு, கொடுத்தவர், பெற்றவர், கொடுத்த பொருள், காலம் ஆகியவற்றைக் காட்டுகிறது. இரண்டும் மதிக்கத்தக்கவை, ஆனால் விடை கூறும் வினாக்கள் வேறு வேறு.

அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. குடிமல்லத்து இலிங்கம் கி.மு. இரண்டாம் அல்லது முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து; வேறு காலம் கூறுவோரும் உளர். கற்றோரும் ஒரு முடிவுக்கு வரச் சான்றுகளை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர் என்பதை அறிவது, ஆண்டு ஒன்றை மனப்பாடம் செய்வதைவிடப் பெரிய பாடமாகும்.

எல்லையும் இரு மொழிகளும்

எல்லைப் பகுதியில் வரலாறு கற்பிப்போர் மிகுந்த பொறுப்புணர்ச்சியுடன் செயல்பட வேண்டும். புத்தலப்பட்டுப் பகுதியில் தெலுங்கு பேசுவோரும் தமிழ் பேசுவோரும் கலந்து வாழ்கின்றனர். ஒரே தெருவில் ஒரு வீட்டுக் குழந்தை 'அவ்வா' என்றும் அடுத்த வீட்டுக் குழந்தை 'பாட்டி' என்றும் அழைக்கிறது. வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பயிலும் குழந்தைகளும் உள்ளனர். 1911-க்கு முன்பு சித்தூரே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம். அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்தெடுத்த பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைந்தது.

மொழிவழி மாநிலம் கோரி உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உயிர் நீத்தார். அதன்பின் ஆந்திர மாநிலம் உருவாயிற்று. வடக்கெல்லைப் பகுதிகளைத் தமிழகத்துடன் சேர்க்க வேண்டுமென்று ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடினர். படாஸ்கரின் பரிந்துரையைத் தழுவி 1959-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்தைச் சேர்ந்தன.

இந்நிகழ்ச்சிகளை வெற்றி தோல்விக் கணக்காகக் கற்பித்தால், வகுப்பறையில் பாதிக் குழந்தைகள் மறு பாதியை ஐயத்துடன் நோக்கத் தொடங்குவர். தம் மொழியில் கல்வியும் ஆட்சியும் வேண்டும் என்று இரு மொழியினரும் விரும்பினர். இரண்டும் கலந்த இடத்தில் கோடு வரைவது எளிதாக இருக்கவில்லை. ஆணையம், பேச்சுவார்த்தை, நாடாளுமன்றச் சட்டம் ஆகிய வழிகளால் முடிவு காணப்பட்டது என்று கற்பித்தால், மக்களாட்சியின் நடைமுறையே பாடமாகிவிடும். தமிழ்க் குழந்தை ஸ்ரீராமுலுவின் தியாகத்தையும், தெலுங்குக் குழந்தை சிவஞானத்தின் வேட்கையையும் அறிவது இருவருக்கும் நன்மை பயக்கும்.

எல்லைக் கோட்டைவிட மொழிகளின் உறவு பழமையானது என்பதற்கு இப்பகுதியிலேயே சான்று உண்டு. திருமலைக் கோயிலுடன் தொடர்புடைய கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. 1930-களில் தேவஸ்தானத்தார் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டனர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. தெலுங்கிலும் கன்னடத்திலும் அமைந்தவையும் உண்டு. கிருஷ்ணதேவராயரும் அவருடைய தேவியர் இருவரும் கைகூப்பி நிற்கும் செப்புத் திருமேனிகள் அக்கோயிலில் இன்றும் உள்ளன. ஊர்ப்பெயர்களையும் எடுத்துக்கொள்ளலாம். 'பட்டு', 'பாக்கம்' என்று முடியும் ஊர்கள் இன்றைய எல்லையின் இரு புறங்களிலும் காணப்படுகின்றன. தம் மண்டலத்து ஊர்ப்பெயர்களைத் திரட்டி ஈற்றெழுத்துப்படி வகைப்படுத்துவது, ஐந்தாம் வகுப்புச் சிறார் விரும்பிச் செய்யக்கூடிய பணி. ஆனால் பெயருக்கு அவசரமாகப் பொருள் கூறும் ஆசையை ஆசிரியர் அடக்கிக் கொள்ள வேண்டும்.

எழுதப்படாதோர் வரலாறு

கல்வெட்டிலும் அரசு ஆவணத்திலும் எல்லோரும் இடம்பெறுவதில்லை. கோயிலுக்கு நிலம் கொடுத்தவர் பெயர் உண்டு. அந்நிலத்தை உழுதவர் பெயர் இல்லை. அரசியின் பெயர் உண்டு. நாற்று நட்ட பெண்களின் பெயர் இல்லை. வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைகளுள் பலர் இவ்வாறு பெயர் எழுதப்படாதோரின் வழித்தோன்றல்கள். அரசர் வரலாறு மட்டுமே வரலாறு என்று கற்பித்தால், தமக்கும் வரலாற்றுக்கும் தொடர்பில்லை என்று அவர்கள் எண்ணிவிடுவர். குடியானவர், குயவர், கொல்லர், தோல் தொழிலாளர், சலவைத் தொழிலாளர் ஆகியோரின் கருவிகளையும் திறமையையும் பற்றிய பாடம் இக்குறையைப் போக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். குடும்ப வரலாற்றை எழுதி வருமாறு எல்லாக் குழந்தைகளையும் கட்டாயப்படுத்துவது சிலருக்குத் துன்பம் தரும். பெற்றோரை இழந்த குழந்தை, வேலை தேடி ஊர் ஊராகச் செல்லும் குடும்பத்துக் குழந்தை, சாதியின் பெயரால் இழிவைச் சந்தித்த குடும்பத்துக் குழந்தை ஆகியோர் அதனை வகுப்பில் உரக்கப் படிக்க நேர்வது நன்றன்று. ஆகவே தொடக்கத்தில் ஆட்களைப் பற்றிக் கேட்காமல் பொருள்களைப் பற்றிக் கேட்பது பொருத்தமானது. விளக்கு, அடுப்பு, உரல், மாட்டு வண்டி, பள்ளிப் பலகை ஆகியவற்றைப் பற்றி எவரும் கூச்சமின்றிப் பேச முடியும்.

அதே வேளையில் கடினமான உண்மைகளை முற்றிலும் தவிர்ப்பதும் சரியன்று. முன்பு ஊர்ப் பொதுக் கிணற்றில் யார் யார் நீர் எடுக்க முடிந்தது, யார் எடுக்க முடியவில்லை என்ற வினாவை ஐந்தாம் வகுப்பில் அமைதியாக எழுப்பலாம். 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது என்பதை அத்துடன் சேர்த்துக் கூறும்போது, சட்டம் என்பது ஒரு கிணற்றடியில் மனிதரின் வாழ்வை எவ்வாறு மாற்ற முனைந்தது என்று குழந்தைக்கு விளங்கும். இன்னும் எது மாற வேண்டியுள்ளது என்பதையும் அதுவே எண்ணிப் பார்க்கும்.

ஆசிரியருக்கும் அலுவலருக்கும்

இவையனைத்தும் நடைமுறைக்கு ஒத்து வருமா என்ற ஐயம் இயல்பே. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை நடத்தும் பள்ளியில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியே வரலாறு கற்பிப்பது இயலாது. ஆனால் ஊரை அடிப்படையாகக் கொண்ட வரலாற்றுக்குப் பல வகுப்பினர் ஒன்றாக அமர்வது ஒரு வசதியே. ஒன்றாம் வகுப்புக் குழந்தை பழைய விளக்கைப் படமாக வரையும். மூன்றாம் வகுப்புக் குழந்தை அதன் பெயரையும் பயனையும் எழுதும். ஐந்தாம் வகுப்புக் குழந்தை முதியோரைக் கண்டு பேசிக் குறிப்பெடுக்கும். மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷிவேலியில் உருவான கிராமப் பள்ளித் திட்டம், பல வகுப்பினர் ஒரே அறையில் பாட அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் பயிலும் முறையை வகுத்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலுக்கும் அதுவே முன்மாதிரியாயிற்று. அத்தகைய அட்டைகளை உள்ளூர் வரலாற்றுக்கும் தயாரிக்கலாம்.

கல்வித் துறை அலுவலர்கள் மூன்று வகையில் உதவ முடியும். முதலாவதாக, மண்டல அளவில் ஒரு வரலாற்றுக் கையேடு வேண்டும். அருகில் உள்ள கோயில்கள், கோட்டைகள், வீரக்கற்கள், பழைய ஏரிகள், இருப்புப்பாதை ஆகியவற்றைப் பற்றி உறுதி செய்யப்பட்ட செய்திகளை மட்டும், தெலுங்கிலும் தமிழிலும், சுருக்கமாகத் தர வேண்டும். ஆசிரியர் ஒவ்வொருவரும் கல்வெட்டுத் தொகுதிகளைத் தேடிச் செல்வது இயலாத செயல். இரண்டாவதாக, ஆண்டுக்கு ஒருமுறையேனும் கல்விச் சுற்றுலாவுக்கு வழி செய்ய வேண்டும். திருப்பதிச் சாலையிலேயே உள்ள சந்திரகிரிக் கோட்டை பிற்கால விசயநகர அரசர்களின் தலைநகராக விளங்கியது. அங்குள்ள இராஜமகாலில் இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளது. சென்று வந்தபின் கட்டுரை எழுதச் சொல்வதைக் காட்டிலும், செல்வதற்கு முன் குழந்தைகளை வினாக்கள் எழுதச் சொல்வது பயன் தரும்.

மூன்றாவதாக, தேர்வு முறை மாற வேண்டும். தேர்வில் கேட்பதையே வகுப்பில் கற்பிப்பர் என்பது எவரும் அறிந்தது. "சித்தூர் மாவட்டம் எந்த ஆண்டில் தோன்றியது?" என்று மட்டும் கேட்டால் ஆண்டு மட்டுமே கற்பிக்கப்படும். ஒரு பழைய பொருளையோ படத்தையோ காட்டி, "இது எதற்குப் பயன்பட்டது? எதைக் கொண்டு அவ்வாறு கூறுகிறாய்? இதைப் பற்றி மேலும் அறிய யாரைக் கேட்பாய்?" என்று வினவினால், எண்ணிப் பார்க்கும் பழக்கம் வளரும். இவ்வினாக்களுக்கு ஒரே சரியான விடை இல்லை என்பதால் மதிப்பெண் இடுவது சற்றுக் கடினம். அதற்கான பயிற்சியை ஆசிரியர்களுக்கு அளித்தால் அத்தடை நீங்கும்.

முடிவுரை

எழுத்தறிவு பெருகிய இக்காலத்தில், கைப்பேசியின் வழியாக எண்ணற்ற செய்திகள் ஊர்களை வந்தடைகின்றன. பழம்பெருமை பேசுவனவும், பகைமை மூட்டுவனவும் அவற்றுள் அடங்கும். இவற்றுள் எது நம்பத்தக்கது என்று பிரித்தறியும் ஆற்றல் வளர்ந்தபின் திடீரென வந்துவிடுவதில்லை. தொடக்கப் பள்ளியிலேயே அதற்கு வித்திட வேண்டும். பாட்டி சொன்ன கதையைக் கேட்டு, கிணற்றுக் கரையின் தடத்தைத் தொட்டுப் பார்த்து, கயிற்றின் மீது காலத்தை அளந்து, "இது நமக்கு எப்படித் தெரியும்?" என்று வினவப் பழகிய குழந்தை, வளர்ந்தபின் எளிதில் ஏமாறாது, அண்டை வீட்டாரின் மொழியையும் அயலாகக் கருதாது.

புத்தலப்பட்டுக்குப் பொருந்துவது நாட்டின் எந்த ஊருக்கும் பொருந்தும். ஒவ்வோர் ஊரிலும் மாற்றங்களைக் கண்ட முதியோர் உள்ளனர். அவர்களுடைய நினைவுகள் அவர்களுடனேயே மறைந்து போகுமுன், அடுத்த தெருவில் உள்ள பள்ளிக்கு அவர்களை ஒருநாள் அழைத்து வந்து, குழந்தைகளின் நடுவே அமர்த்திப் பேசச் செய்யலாம். வரலாற்றுப் பாடத்தைத் தொடங்க அதனினும் சிறந்த நாள் வேறில்லை.